டேங்கில் ஊற்றும் எதுவும் அந்த வால்வைத் தொடுவதில்லை

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

டர்போ பெட்ரோல் கார்களில், சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வில் கரி படிவதைப் பற்றிப் பெங்களூரு வாசகர்களிடமிருந்து தொடர்ந்து கடிதங்கள் வருவதால், இந்த இதழில் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் கார். நான்கு ஆண்டுகளில் 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீட்டிலிருந்து மாரத்தஹள்ளியில் உள்ள அலுவலகத்துக்குப் போய்வருவதே பெரும்பாலான ஓட்டம். சில மாதங்களாகக் காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு நிமிடம்வரை வண்டி உதறுகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. சர்வீஸ் சென்டரில், "இன்டேக் வால்வில் கார்பன் ஏறியிருக்கும், கிளீன் செய்ய வேண்டும்" என்கிறார்கள். நண்பரோ, டேங்கில் ஒரு பாட்டில் அடிடிவ் ஊற்றினாலே போதும் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
– வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: நண்பர் சொல்வது தவறு. சர்வீஸ் சென்டர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் "ஏறியிருக்கும்" என்ற ஊகத்துக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. இரண்டையும் விளங்கிக்கொள்ள, எஞ்சினுக்குள் பெட்ரோல் எந்த இடத்தில் தெளிக்கப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எம்.பி.எஃப்.ஐ. என்று நமக்குப் பழகிய எஞ்சின்களில் இன்ஜெக்டர், இன்டேக் வால்வுக்குச் சற்று முன்னால், காற்று வரும் பாதையில் இருக்கும். அது பீய்ச்சும் பெட்ரோல் வால்வின் பின்புறத்தில் பட்டு, காற்றோடு கலந்து, வால்வு திறக்கும்போது உள்ளே போகும். பெட்ரோல் நல்ல கரைப்பான்; துப்புரவு செய்யும் வேதிப்பொருளும் அதில் கலந்திருந்தால் இன்னும் நல்லது. ஆகவே வண்டி ஓடும் நேரமெல்லாம் வால்வின் பின்புறம் கழுவப்பட்டுக்கொண்டே இருக்கிறது. உங்கள் கார் எஞ்சினிலோ இன்ஜெக்டரின் முனை சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் 200 பார் அளவிலும் அதற்கு மேலும் அழுத்தம் ஏற்றப்பட்டு நேராக எரியறைக்குள் பாய்கிறது. இன்டேக் வால்வின் பின்புறத்தை அது தொடுவதே இல்லை. டேங்கில் ஊற்றும் அடிடிவ் பெட்ரோலோடு சேர்ந்துதான் பயணம் செய்ய முடியும். பாலிஈதரமைன் வகையைச் சேர்ந்த நல்ல அடிடிவ்கள் இன்ஜெக்டர் முனையையும் பிஸ்டனின் தலையையும் ஓரளவு சுத்தமாக வைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் வால்வின் முதுகுக்கு அவை போய்ச் சேர வழியே இல்லை.

கழுவுவதற்கு ஆள் இல்லை, சரி. அழுக்கு எங்கிருந்து வருகிறது? பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு எப்போதும் கீழே, எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள் கசியும். அதை வெளியே விட்டால் காற்று கெடும் என்பதால், பி.சி.வி. வால்வு வழியாக மீண்டும் இன்டேக் பாதைக்கே அனுப்பி எரித்துவிடுவது பல பத்தாண்டுகளாக உள்ள ஏற்பாடு. அந்த வாயு நுண்ணிய ஆயில் துளிகளையும் ஆயிலின் ஆவியையும் தன்னோடு கொண்டுவருகிறது. வால்வுத் தண்டின் சீல் வழியாகவும் டர்போவின் சீல் வழியாகவும் இன்னும் சிறிது ஆயில் சேரும். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒரு கணம் ஒன்றாகத் திறந்திருக்கும் கட்டத்தில் எரிந்த வாயு கொஞ்சம் பின்னோக்கி வந்து கரித்துகளைக் கொண்டுவந்து போடும். இவை அனைத்தும் சூடான வால்வின் முதுகில் பட்டு, ஆவியாகக் கூடியது ஆவியாகி, மிச்சம் பிசினாகி, பிசின்மேல் கரி ஒட்டி, தாளிப்புக் கரண்டியின் அடியில் நாள்பட ஏறும் கறுப்பைப் போலக் கெட்டிப்பட்டுவிடுகின்றன.

நீங்கள் போய்வரும் வெளிவட்டச் சாலை இதற்கு நன்றாகவே துணைபோகிறது. சிக்னலிலும் நெரிசலிலும் எஞ்சின் ஐடிலிங்கில் நிற்கும்போது காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் வெற்றிட இழுப்பு அதிகம். கிராங்க்கேஸ் ஆவியை அது நேரடியாக உள்ளே இழுக்கிறது. கூலண்ட் சில நிமிடங்களில் சூடாகிவிட்டாலும் ஆயில் சூடாக அதைவிட நெடுநேரம் பிடிக்கும். ஆயில் முழுச் சூட்டை அடைவதற்குள் அலுவலகம் வந்துவிட்டால், அதில் கலந்த நீராவியும் எரியாத பெட்ரோலும் வெளியேறாமல் உள்ளேயே தங்கிப்போகும். நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின் குளிர்ந்த நிலையில் சிலிண்டர் சுவரில் பெட்ரோலைத் தெறிக்கவிடும் இயல்புடையது என்பதால் இந்தத் தொல்லை இதில் சற்றுக் கூடுதல். ஆயில் அளக்கும் குச்சியை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள்.

காலையில் மட்டும் உதறுவதற்கும் காரணம் இருக்கிறது. ஐடிலிங்கில் சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு. வால்வின் முதுகில் மேடு பள்ளமாகக் கரி இருந்தால், காற்றின் சுழற்சி கெட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வோர் அளவில் போகும். குளிர்ந்த எஞ்சினில் கலவை எரிவதே கடினம் என்பதால் ஏதாவது ஒரு சிலிண்டர் எரிப்பைத் தவறவிடுகிறது. சூடேறியதும் அதே குறையை எஞ்சின் சமாளித்துவிடுகிறது. படிவு முற்றினால் பிக்கப் குறையும், மைலேஜ் இறங்கும், செக் எஞ்சின் விளக்கு எரியும். எஞ்சின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரில், எரிப்புத் தவறுவதைக் குறிக்கும் பி0300 அல்லது குறிப்பிட்ட சிலிண்டரைச் சுட்டும் பி0301, பி0302, பி0303 ஆகிய குறியீடுகள் தெரியும்.

ஆனால் இதே அறிகுறிகளை ஒரு தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் காட்டும். பழுதான இக்னிஷன் காயிலும் காட்டும். சொட்டும் இன்ஜெக்டரும் காட்டும். ஆகவே வரிசையாகப் போக வேண்டும். ஸ்கேனரில் எந்த சிலிண்டர் எத்தனை முறை தவறவிட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். அந்த சிலிண்டரின் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றி ஓட்டும்போது பழுதும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி காயில்தான். பிளக் மாற்றும் காலம் வந்துவிட்டதென்றால் முதலில் அதை மாற்றிவிடுங்கள். இவற்றிலெல்லாம் குறையில்லை என்றால், மெல்லிய குழாய்க் கேமராவை இன்டேக் பாதை வழியாக உள்ளே விட்டு வால்வின் முதுகைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளக் கழற்றிய துளை வழியாகக் கேமராவை விட்டு, கறுத்துக் கிடக்கும் பிஸ்டன் தலையைக் காட்டி, "பாருங்கள், எவ்வளவு கார்பன்!" என்று சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஓடிய எஞ்சினின் பிஸ்டன் தலை கறுத்திருப்பது இயல்பு. அந்தத் துளையிலிருந்து தெரிவது வால்வின் எரியறைப் பக்கம்தான். கரி ஏறும் மறுபக்கம் அங்கிருந்து தெரியாது. அந்தப் படத்தை நம்பி எந்த வேலைக்கும் ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஒவ்வொரு 10,000 கிலோமீட்டர் சர்வீஸிலும் 'ஹைட்ரஜன் டிகார்பனைசிங்' என்று ஒரு தொகையை பில்லில் சேர்க்கிறார்கள். வேண்டாம் என்றால் எஞ்சினின் ஆயுள் குறையும் என்கிறார்கள். என் கார் நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ. எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. செய்துகொள்ள வேண்டுமா?
– வாசகி, ஒயிட்ஃபீல்ட்

பதில்: வேண்டாம். அந்த இயந்திரம் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த வாயுவை உண்டாக்கி, எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது காற்றுப் பாதையில் செலுத்துகிறது. அந்த வாயு எரியும் இடம் எரியறை. வால்வின் முதுகைக் கடந்து போகும்போது அது எரியாத, குளிர்ந்த வாயுவாகவே இருக்கிறது. கெட்டிப்பட்ட கரியை அந்த நிலையில் அது கரைக்கவோ பெயர்க்கவோ செய்யாது. எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து நீர் சொட்டுவதைக் காட்டி அழுக்கு வெளியேறுகிறது என்பார்கள். ஹைட்ரஜன் எரிந்தாலும் பெட்ரோல் எரிந்தாலும் நீர் உண்டாகத்தான் செய்யும்.

எந்தக் குறையும் காட்டாத எஞ்சினுக்கு எந்த வகையான 'டிகார்ப்' வேலையும் அட்டவணைப்படி செய்யத் தேவையில்லை. உங்கள் காரின் உரிமையாளர் கையேட்டில் உள்ள பராமரிப்பு அட்டவணையைத் திறந்து பாருங்கள். அதில் இந்த வேலை குறிப்பிடப்படவில்லை என்றால், வாரண்டியைக் காரணம் காட்டி இதை உங்கள்மேல் சுமத்த முடியாது. கட்டாயம் என்று மேலும் வற்புறுத்தினால், அதையே எழுத்தில் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

கேள்வி: என் காரில் கேமரா வைத்துப் பார்த்ததில் ஆறு இன்டேக் வால்வுகளிலும் தடிமனாகக் கரி இருப்பது உறுதியாகிவிட்டது. வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்யலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். தூள் எஞ்சினுக்குள் போய்விடாதா? இன்டேக் வழியாகக் கரி நீக்கும் ஸ்பிரே அடித்தால் போதாதா? இந்த வேலைக்குக் கூலி ஏன் காருக்குக் கார் வேறுபடுகிறது?
– வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: உறுதியாகத் தெரிந்த பிறகு செய்வதற்கு இன்று உள்ள வழிகளில் மிகவும் நம்பத்தக்கது உங்கள் மெக்கானிக் சொல்வதுதான். வால்நட் ஓடு, அதாவது அக்ரூட் பருப்பின் ஓடு, கெட்டிப்பட்ட கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினமானது. வால்வின் எஃகையும் சிலிண்டர் ஹெட்டின் அலுமினியத்தையும் கீறாத அளவுக்கு மென்மையானது. இந்த இரண்டும் ஒன்றாக அமைந்ததால்தான் பி.எம்.டபிள்யூ. போன்ற நிறுவனங்களின் பணிமனைகளிலேயே இந்த முறை வழக்கத்துக்கு வந்தது. மணலையோ கண்ணாடித் தூளையோ கொண்டு இதைச் செய்ய யாராவது முன்வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அவற்றின் ஒரு சிறு துணுக்கு உள்ளே தங்கினாலும் சிலிண்டர் சுவர் பாழாகும்.

தூள் உள்ளே போகாமல் இருப்பது செய்பவரின் ஒழுங்கைப் பொறுத்தது. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிய பின், எந்த சிலிண்டரில் வேலை நடக்கிறதோ அதன் இரண்டு இன்டேக் வால்வுகளும் முழுமையாக மூடியிருக்கும் நிலைக்கு கிராங்க்கைக் கையால் சுற்றி நிறுத்த வேண்டும். மற்ற துளைகளை அடைக்க வேண்டும். தூள் அடிக்கும் குழலும் உறிஞ்சும் வாக்யூம் குழாயும் ஒரே அடாப்டரில் துளையோடு இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும். சிறிது சிறிதாக அடித்து, இடையிடையே கேமராவால் பார்த்து, முடிந்ததும் காற்றடித்துத் துடைத்து, ஒரு துகளும் இல்லை என்று உறுதி செய்த பிறகே அடுத்த சிலிண்டருக்குப் போக கிராங்க்கைச் சுற்ற வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் ஓரிரு துகள் தப்பினால், அது தாவரப் பொருள் என்பதால் எரிந்துவிடும். கைப்பிடியளவு தங்கிவிட்டால் அப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. மேனிஃபோல்டின் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஆறு வால்வுகளின் படங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கூலி ஏன் காருக்குக் கார் வேறுபடுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். வேலையின் பெரும்பகுதி மேனிஃபோல்டை எடுப்பதிலும் மாட்டுவதிலும்தான் போகிறது. எடுத்துக்காட்டாக, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் வரும் இ.ஏ.211 குடும்பத்து டி.எஸ்.ஐ. எஞ்சின்கள் பலவற்றில், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் (இது நீரால் குளிரூட்டப்படுவது) மேனிஃபோல்டுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. அதைக் கழற்றினால் கூலண்ட் குழாய்களையும் கவனிக்க வேண்டும். பிறகு முறையாகக் கூலண்ட் நிரப்பிக் காற்றையும் எடுக்க வேண்டும். அந்த எஞ்சினில் பழக்கமில்லாதவரிடம் குறைந்த கூலிக்குக் கொடுப்பதில் லாபமில்லை.

ஸ்பிரே விஷயத்தில் என் கருத்து இது: மெல்லிய, இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும் படிவை அது கொஞ்சம் இளக்கலாம். உங்கள் வால்வுகளில் இருப்பதைப் போல் தடித்துக் கெட்டியானதை அது முழுமையாக எடுத்துவிடாது. எஞ்சின் ஓடும்போது அடிப்பதால், பெரிய பொருக்கு ஒன்று பெயர்ந்தால் அது சிலிண்டர் வழியாகப் போய் எக்ஸாஸ்ட் வால்வையும் அதற்கு அப்பால் வேகமாகச் சுழலும் டர்போவின் டர்பைனையும் சந்திக்க வேண்டிவரும். ஒரேயடியாக நிறைய அடித்தால் திரவம் மேனிஃபோல்டின் பள்ளத்தில் தேங்கி மொத்தமாக உள்ளே போகும் ஆபத்தும் உண்டு. தடித்த படிவு உள்ள எஞ்சினில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஆயில் விலை அதிகமாக இருந்தால் கரி குறையுமா? கேட்ச் கேன் மாட்டினால் பிரச்சினையே வராது என்று ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்காரர் சொன்னார். மாட்டலாமா?
– வாசகர், இந்திராநகர்

பதில்: விலையைப் பார்க்காதீர்கள், தரக்குறியீட்டைப் பாருங்கள். கரியின் மூலப்பொருள் பெரும்பாலும் ஆயிலின் ஆவி என்பதால், எளிதில் ஆவியாகாத ஆயில் நல்லது. அதை அளக்க நோவாக் சோதனை என்று ஒன்று உண்டு: ஆயிலை 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து, எடையில் எத்தனை சதவீதம் ஆவியாகிப் போனது என்று பார்ப்பார்கள். அமெரிக்க ஆயில் தரமான ஏ.பி.ஐ. எஸ்.பி.யோடு சேர்ந்துவரும் ஐ.எல்.எஸ்.ஏ.சி. ஜி.எஃப்.-6 தரத்தில் இது 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஐரோப்பிய ஏ.சி.இ.ஏ. சி3 தரத்தில் 13 சதவீதம். ஆயில் நிறுவனங்கள் வெளியிடும் தொழில்நுட்ப விவரத்தாளில் இந்த எண் பல நேரங்களில் இருக்கும். உங்கள் கையேடு சொல்லும் கெட்டித்தன்மையும் தரக்குறியீடும் பொருந்தும் ஆயில்களுக்குள் நோவாக் எண் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். எண் குறைவாக இருக்கிறது என்பதற்காகக் கையேடு சொல்லாத தரத்துக்குத் தாவ வேண்டாம்.

2020 மே மாதம் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. தரத்துக்கு டர்போ நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் இன்னொரு முக்கியத்துவமும் இருக்கிறது. குறைந்த ஆர்.பி.எம்.மில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாக வெடித்து பிஸ்டனையே உடைக்கக்கூடிய ஒரு கோளாறு இந்த எஞ்சின்களில் உண்டு. அதைக் கட்டுப்படுத்தும் சோதனை இந்தத் தரத்தில் அடங்கியிருக்கிறது. கரிக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு குறைவுதான் என்றாலும், பழைய தரத்து ஆயிலை மலிவாகக் கிடைக்கிறதென்று ஊற்றுவோருக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைப்பதே, என் மதிப்பீட்டில், இந்த நகரத்து ஓட்டுநர் செய்யக்கூடியவற்றுள் முதன்மையானது. குறுந்தூர ஓட்டம், நெடுநேர ஐடிலிங் ஆகியவற்றைக் கடுமையான பயன்பாடு என்று வகைப்படுத்தி, அதற்குத் தனியாகக் குறுகிய இடைவெளியைப் பல கையேடுகள் குறிப்பிடுகின்றன. அந்தப் பக்கத்தை எவரும் புரட்டுவதில்லை. நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சந்திப்பு வழியாக நாள்தோறும் போய்வருபவர் தம் பயன்பாட்டைச் சாதாரணம் என்று கருதிக்கொள்வது நியாயமாகப் படவில்லை. 10,000 கிலோமீட்டர் என்று இருந்தால் 7,500இல் மாற்றிவிடலாம். ஓட்டம் குறைவாக இருந்தாலும் ஓர் ஆண்டைத் தாண்ட விடக்கூடாது.

கேட்ச் கேன் என்பது கிராங்க்கேஸ் ஆவி போகும் குழாயின் நடுவில் ஒரு டப்பாவை வைத்து, அதில் ஆயிலைப் பிடித்துவிடும் ஏற்பாடு. கருத்து சரியானது, கடைக்காரரின் 'வரவே வராது' மட்டும் மிகை. டர்போ எஞ்சினில் ஆவிக்கு இரண்டு பாதைகள் உள்ளன. ஐடிலிங்கில் அது நேராக மேனிஃபோல்டுக்குப் போகிறது. டர்போ அழுத்தம் ஏறியதும் அந்தப் பாதையின் ஒருவழி வால்வு மூடிக்கொள்ள, ஆவி டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய்க்குப் போய், டர்போவையும் இன்டர்கூலரையும் சுற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பாதையில் மட்டும் டப்பாவை மாட்டினால் மற்றொன்றில் வருவது வந்துகொண்டேதான் இருக்கும். உள்ளே தடுப்பும் வடிகட்டியும் இல்லாத வெறும் டப்பாவில் ஆவி ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். மழைக்கால, மார்கழிக் காலைகளில் டப்பாவுக்குள் ஆயிலும் நீரும் கலந்து மோர் நிறத்தில் சேரும்; அதைத் தவறாமல் காலி செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது புகைக்கட்டுப்பாட்டு அமைப்பில் கைவைப்பதாகும். வாரண்டி உள்ள காரில் மாட்டாதீர்கள்.

கேள்வி: 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகுதான் வால்வில் கரி அதிகமாகிறது என்று எங்கள் குடியிருப்பில் பேச்சு. எக்ஸ்பி95 போன்ற விலை உயர்ந்த பெட்ரோல் போட்டால் தப்பிக்கலாமா?
– வாசகர், கே.ஆர். புரம்

பதில்: பெட்ரோலே தொடாத இடத்தில் ஏறும் கரிக்கு எத்தனாலைக் குற்றம் சொல்ல இயலாது, விலை உயர்ந்த பெட்ரோலின் துப்புரவுப் பொருளும் அதே காரணத்தால் அங்கே பயன்படாது. நம் ஊரிலேயே 2023 பிப்ரவரி 6 அன்று இந்திய எரிசக்தி வாரத்தில் இ20 அறிமுகமானது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எத்தனால் அதிகம் கலக்காத பெட்ரோலில் ஓடிய நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களிலும் இந்தப் படிவு இருந்தது. இ20ஆல் மைலேஜ் குறைவது வேறு விஷயம். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் அது எதிர்பார்க்கத்தக்கதே. 95 ஆக்டேன் பெட்ரோலை உங்கள் கையேடு கேட்டால் போடுங்கள். கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டாமல் ஓட அது உதவும்.

கேள்வி: டர்போ என்றாலே இந்தத் தொல்லை உண்டா? எங்கள் வீட்டில் நெக்ஸான் பெட்ரோல் இருக்கிறது.
– வாசகி, அல்சூர்

பதில்: டர்போவுக்கும் இதற்கும் நேரடியான முடிச்சு இல்லை, இன்ஜெக்டர் இருக்கும் இடமே கணக்கு. நெக்ஸானின் 1.2 டர்போ பெட்ரோல் எஞ்சின் எம்.பி.எஃப்.ஐ. வகை, மேக்னைட், கைகர் கார்களின் 1.0 டர்போவும் அப்படியே. நீங்கள் இந்தக் கவலையை விட்டுவிடலாம். ஹூண்டாய், கியா கார்களில் டி-ஜி.டி.ஐ. என்றும், ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் டி.எஸ்.ஐ. என்றும் வருபவை நேரடி இன்ஜெக்‌ஷன். மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்.ஓ. காரில் ஒரே 1.2 லிட்டர் அளவில் இரண்டு வகையும் விற்கப்படுவதால், அதை வாங்குவோர் பெயரோடு டி.ஜி.டி.ஐ. இருக்கிறதா, டி.சி.எம்.பி.எஃப்.ஐ. இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எச்.ஏ.எல். நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வால்வு தானாகவே சுத்தமாக இருந்த முறையை விட்டுவிட்டு, அழுக்கேறும் என்று தெரிந்தே ஏன் இந்த முறைக்கு மாறினார்கள்? வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாதா?
– வாசகர், முருகேஷ்பாளையா

பதில்: விமானத் தொழிற்சாலையில் இருந்தவர் என்பதால் உங்களுக்கு அங்கிருந்தே தொடங்கலாம். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் செலுத்தும் முறை விமான எஞ்சினில் வெற்றி பெற்ற பிறகே காருக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தில் இருந்த டெய்ம்லர்-பென்ஸ் டி.பி. 601 எஞ்சின் நேரடி இன்ஜெக்‌ஷன் கொண்டது. பிரிட்டனின் மெர்லின் எஞ்சினிலோ அப்போது கார்புரேட்டர் இருந்தது. விமானம் திடீரென மூக்கைக் கீழே சாய்த்தால் அந்த எஞ்சின் திணறிவிடும். பீட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியாளர் 1941இல் ஒரு சிறு துளைத்தட்டைப் பொருத்தித்தான் அந்தக் குறையைப் பெருமளவு தணித்தார். போருக்குப் பின் 1954இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். காரில் நேரடி இன்ஜெக்‌ஷன் வந்தது. மின்னணுக் கட்டுப்பாட்டோடு அதைப் பெருவாரியான கார்களுக்குக் கொண்டுவந்தது மிட்சுபிஷி, 1996இல்.

மாறியதன் காரணம் இது. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகும்போது அங்குள்ள காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த கலவை எளிதில் தட்டாது. ஆகவே டர்போ இருந்தும் அழுத்த விகிதத்தை உயரமாக வைக்கலாம். சிறிய எஞ்சினில் அதிக இழுவையும் கூடுதல் மைலேஜும் பெறலாம். புகை விதிகளும் எரிபொருள் சிக்கன விதிகளும் இறுகிவந்த காலத்தில் இந்த லாபத்தை எந்த நிறுவனமும் விட்டுவிட விரும்பவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில், டர்போ இல்லாத எஞ்சின் காற்று மெலிந்திருப்பதாலேயே பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சக்தியை இழக்கும். டர்போ அதை ஈடுகட்டிவிடும் என்பது இங்குள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் நன்மை.

வடிவமைத்தவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. முதல் தலைமுறை எஞ்சின்களில் இதன் கடுமையைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்பதே என் எண்ணம். டொயோட்டா 2005இல் டி-4எஸ் என்ற பெயரில் ஒரே எஞ்சினில் இரண்டு வகை இன்ஜெக்டர்களையும் வைத்தது: குறைந்த சுமையில் வால்வுக்கு முன்னாலும் தெளிக்கும், அதிகச் சுமையில் நேராக உள்ளே செலுத்தும். ஃபோர்டு தன் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினின் இரண்டாம் தலைமுறையில் இதே ஏற்பாட்டுக்கு வந்தது. இதைவிடத் தெளிவான மருந்து கிடையாது. இரண்டு தொகுதி இன்ஜெக்டர்களுக்கும் குழாய்களுக்கும் ஆகும் செலவு காரணமாக, நம் நாட்டில் விற்கும் சிறிய டர்போ கார்களுக்கு அது எளிதில் வரவில்லை. அதற்குப் பதிலாக, கிராங்க்கேஸ் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் அறையை மேம்படுத்துவது, வால்வு திறந்து மூடும் நேரத்தைச் சீராக்குவது ஆகியவற்றால் சமாளிக்கிறார்கள். புதிய எஞ்சின்கள் பழையவற்றைவிடத் தேறியவைதான். படிவே இல்லாதவை அல்ல.

கேள்வி: மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரிவரை நெடுஞ்சாலையில் அதிக ஆர்.பி.எம்.மில் விரட்டினால் கரி எரிந்துபோகும் என்று அண்ணன் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், பொம்மனஹள்ளி

பதில்: இன்டேக் வால்வின் கரி அப்படி எரியாது. எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி எரிந்த வாயு பாய்கிறது. இன்டேக் வால்வையோ ஒவ்வொரு சுற்றிலும் புதுக்காற்று குளிர்விக்கிறது. படிந்து கெட்டியான கரியை எரித்தெடுக்கும் சூடு அங்கே வருவதில்லை. ஆனால் உங்கள் அண்ணன் சொல்லும் பயணத்தில் வேறொரு நன்மை உண்டு. ஒரு மணி நேரம் சீராக ஓடினால் ஆயில் முழுச் சூட்டுக்கு வந்து, அதில் கலந்திருக்கும் பெட்ரோலும் நீரும் ஆவியாகி வெளியேறும். புதிய படிவு சேரும் வேகம் அதனால் குறையலாம். இதற்கு வேக வரம்பைத் தாண்டி விரட்டத் தேவையில்லை. ஓசூர் தாண்டியதும் கியரை ஒன்று குறைத்து ஓட்டினாலே போதும். வீட்டைவிட்டுக் கிளம்பியதும் மிதிக்காமல், ஆயில் சூடாகும்வரை பொறுங்கள்.

கேள்வி: 70,000 கிலோமீட்டர் ஓடிய நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ கார் ஒன்றைப் பழையதாக வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், விவேக்நகர்

பதில்: விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, காலையில் எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் போவதற்குள் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் உதறல் இருக்கிறதா, ஐடிலிங் சீராக நிற்கிறதா என்று இரண்டு நிமிடம் கவனியுங்கள். ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். தேதிகளும் கிலோமீட்டரும் ஒழுங்காக இருந்தால் அது மற்ற எதையும்விட நல்ல சாட்சி. டர்போவிலிருந்து வரும் இன்டேக் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்த்தால் மெல்லிய எண்ணெய்ப் பசை இருப்பது இயல்பு. ஆயில் தேங்கி நின்றால் டர்போவின் சீலையோ பி.சி.வி. வால்வையோ சந்தேகிக்க வேண்டும். ஸ்கேனர் மாட்டி, பதிவான பழுதுக் குறியீடுகளோடு, அவை அண்மையில் அழிக்கப்பட்டனவா என்பதையும் பாருங்கள். வால்வுகளைக் கேமராவில் பார்க்க விற்பவர் இசைந்தால் நல்லது. கரி இருந்தால் அதற்காக மட்டும் அந்தக் காரைத் தள்ள வேண்டியதில்லை; சுத்தம் செய்யும் செலவுக்கு ஒரு பணிமனையில் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள்.